பதினான்காம் தொட்டியின் அலை

"செருப்பை வெளியில விட்டுட்டு வரணும்னு தெரியாதோ?"

ஆபத்து, உடனே வாருங்கள் என்று டெலிபோனில் கெஞ்சிய மனிதர் நேரில் எங்களைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை இது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே திரும்பியிருப்பேன். என் முதலாளி சண்முகவடிவு மறுபேச்சில்லாமல் படியிறங்கிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், வயது நாற்பத்திரண்டு, உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்து எட்டு வருஷமாகிறது. நான் ஷாஹுல் ஹமீது, உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, உதை வாங்குவது, வாயடிப்பது மூன்றும் என் இலாகா.

"இன்னாக்கா, நம்மள துப்பறியக் கூப்ட்டாரா, தரை தொடைக்கக் கூப்ட்டாரா?" என்றேன்.

"வாயை மூடுலே" என்றாள் அக்கா.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு மாடி அறை. வாசலில் 'பேராசிரியர் கல்யாணராமன், கணித ஆலோசகர்' என்று பித்தளைப் பலகை. மூலையில் ஒரு ஸ்டூலில், அழுது முகம் வீங்கிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் நீரஜா. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இரண்டு வருஷமாக இவரிடம் வேலை.

கல்யாணராமன் முக்கால் மணி நேரம் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். அவர் சொன்னபடியே சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும்.

வைகை அலுமினியம் என்று ஒரு கம்பெனி. தொழிற்சாலை இருநூறு மைலுக்கு அப்பால். தலைமை ஆபீஸ் தியாகராய நகரில். அலுமினியத்தைப் பெரிய பெரிய தொட்டிகளில் காய்ச்சி எடுக்கிறார்கள். தொட்டிக்கு அடியில் உருகிய அலுமினியம். அதன்மேல் உருகிய உப்பு. உப்புக்குள் மேலேயிருந்து முங்கித் தொங்கும் கரிப்பாளங்கள். மின்சாரம் கரியிலிருந்து கிளம்பி, உப்பைத் தாண்டி, அலுமினியத்துக்குள் இறங்க வேண்டும். நடுவில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. அதை நாலாகக் குறைத்தால் மின்சாரம் ஏகத்துக்கு மிச்சம். இந்த 1974-ஆம் வருஷத்து மின்வெட்டில் எந்தக் கம்பெனிக்குத்தான் நாக்கில் எச்சில் ஊறாது?

ஆனால் அதில் ஒரு வம்பு இருக்கிறது. ஓடுகிற மின்சாரமே காந்தமாகி, உருகிய அலுமினியத்தைப் பிடித்து ஆட்டுகிறது. அது அலையடிக்கிறது. இடைவெளி போதுமானதாக இருந்தால் அலை தானே அடங்கிவிடும். போதாவிட்டால் ஒவ்வொரு அலையும் முந்தினதைவிட உயர்ந்து, கரியைத் தொட்டு, தொட்டி பொங்கிவிடும். நாலு சென்டிமீட்டரில் அடங்குமா பொங்குமா? நிஜத் தொட்டியில் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் கிண்டியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற கம்ப்யூட்டரில், அட்டைகளில் துளை போட்டு, கணக்காலேயே ஒரு தொட்டியைக் கட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டியது நீரஜா. அலை அடங்கும் என்று வந்தது. கம்பெனி அதை நம்பிப் பதினான்காம் தொட்டியில் நாலுக்கு இறக்கியது. தொட்டி பொங்கிவிட்டது. இசக்கிமுத்து என்ற தொழிலாளியின் முகத்தில் கொதிக்கிற உலோகம் தெறித்து, அவனை அடையாறில் ஒரு நர்ஸிங் ஹோமில் போட்டிருக்கிறார்கள்.

"இன்னிக்கு நாலு மணிக்குக் கம்பெனியில விசாரணை" என்றார் கல்யாணராமன். "அதுக்குள்ள தப்பு யாருதுன்னு தெரியலேன்னா, இந்தப் பொண்ணு பேரை எழுதிப் போலீஸ்ல கொடுத்துடுவா. அப்புறம் இவளுக்கு ஆயுசுக்கும் எவன் வேலை கொடுப்பான்? கணக்குல தப்பு இல்லே. கணக்குக்குள்ள போட்ட அளவுதான் தப்பு. பொன்ராஜ்னு ஒருத்தன், அங்க தொட்டி இன்ஜினீயர். போன செப்டம்பர்ல கெஸ்ட் ஹவுஸ்ல வெச்சு என் கையில கொடுத்தான். இப்போ கொடுக்கவே இல்லேன்னு சாதிக்கறான். அவன்தான் கொடுத்தான்னு நீங்க நிரூபிக்கணும்."

டைப் அடித்த ஆறு தாள்களை நீட்டினார். பத்து விநாடிக்கு ஒருமுறை, அரை மணி நேரம், அலை எவ்வளவு உயர்ந்தது என்று நூற்றியெண்பது அளவுகள். கையெழுத்து கிடையாது. அக்கா தலைப்பு வரியை இரண்டு தடவை படித்துவிட்டு நீரஜாவைப் பார்த்தாள்.

"நீ என்னம்மா சொல்லுத?"

நீரஜா வாயைத் திறந்தாள். கல்யாணராமன் குறுக்கே விழுந்தார். "அவ என்ன சொல்லுவா, பாவம்! கொடுத்ததை ஓட்டினா. நான் பாத்துக்கறேன், நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதேன்னு சொல்லியிருக்கேன்."

நீரஜா திறந்த வாயை மூடிக்கொண்டாள். தன்னிடம் வேலை பார்க்கிற பெண்ணுக்காக இவ்வளவு துடிக்கிறாரே, மனிதர் வாய்தான் துடுக்கு, மனசு தங்கம் என்று நினைத்தேன். என் புத்தியை அதே செருப்பால் அடிக்க வேண்டும்.

*

அடையாறு நர்ஸிங் ஹோம் வராந்தாவில் பொன்ராஜைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கல்யாணராமன் பெயரைச் சொல்லி விசாரித்ததுமே அவர் என் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்திவிட்டார். ஆறடி ஆள். மூன்று நாள் தாடி.

"அந்த வாத்தியான் அனுப்புனானா?"

"நைனா, சட்டை புச்சு. கழுத்தப் புடிச்சிக்கோ, காலர வுட்ரு" என்றேன்.

"விடுங்க அண்ணாச்சி" என்றாள் அக்கா. "நான் ஒங்க பக்கத்துக்காரிதான். ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிருதேன்."

"கேள்வியா? உள்ள கெடக்கது என் தங்கச்சி மாப்பிள்ளை. வலது கண்ணு போச்சு. இடது கண்ணு தேறுமான்னு வெள்ளிக்கெழமதான் சொல்லுவாவளாம். நீங்க கேள்வி கேக்க வந்துட்டியளோ?" என் காலரை விட்டார், கூடவே ஒரு தள்ளும் தள்ளினார். "அந்தக் கணக்குப் போட்ட பொம்பளப் புள்ள என் கையில கெடைக்கட்டும். அவளைக் கொண்டுபோய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல நிப்பாட்டுதேன். கட்டை அவுத்துப் பார்க்கச் சொல்லுதேன்."

அக்கா அந்த ஆறு தாள்களையும் காட்டினாள். அவர் கையால்கூடத் தொடவில்லை.

"நான் குடுக்கல. அவன் வந்தான், வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தான், சூட்டையும் நாத்தத்தையும் கண்டு மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிட்டான். ரெண்டு நாளு கெஸ்ட் அவுஸ்ல தயிர்சாதம் தின்னான். வாரும்வே, சேர்ந்து அளப்போம்னேன். நாளைக்கு, நாளைக்குன்னான். மூணாம் நாள் ஆளைக் காணும். பெறவு ரிப்போர்ட் வந்திச்சு. அளவை வேற எவன்கிட்டயோ வாங்கிக்கிட்டான்னு நெனச்சேன்."

"அவரு உன்ன சொல்றாரு, நீ அவர சொல்ற. நடுவுல நம்ம சட்டதான் கீஞ்சிக்கினு கீது" என்றேன். பொன்ராஜ் என்னைப் பார்த்த பார்வையில் நான் அக்காவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"சரி அண்ணாச்சி, நீங்க அளந்திருந்தா எப்படி அளந்திருப்பீய?" அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "பத்து செகண்டுக்கு ஒண்ணுன்னு இருக்கு. நேரம் யாரு பார்ப்பா?"

"வெளிய முத்தத்துல ஒருத்தன் சுவர்க் கடியாரத்தைப் பார்த்துக்கிட்டுத் தண்டவாளத் துண்டுல அடிப்பான். அடி கேக்கும்போது உள்ள நாங்க குறிச்சுக்கிடுவோம். மொத அடி, ரெண்டாம் அடின்னு அடிக் கணக்குத்தான் எழுதுவோம்."

"ஏன், கையில வாட்ச் கட்டிக்கிட்டா ஆகாதா?"

பொன்ராஜ் அவளைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தொட்டிக் கூடத்துக்குள்ளயா? காந்தம் பிடிச்சிரும்லா! ஒண்ணு நின்னுரும், இல்லன்னா பேய் பிடிச்ச மாதிரி ஓடும். வாசல்ல அம்பது ஆணி அடிச்சிருக்கு. அவனவன் வாட்சை அதுல மாட்டிட்டுத்தான் உள்ள போவான். புதுசா வாரவன் மொத நாளே ஒரு வாட்சைத் தொலைச்சிட்டுக் கத்துக்கிடுவான்."

அக்கா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். கேள்வி இரண்டுதான் என்றது சும்மா இல்லை.

*

அடையாறு பாலத்தைத் தாண்டினதும், "நிப்பாட்டுலே" என்றாள். தாளை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "தலைப்பை வாசி."

வாசித்தேன். "பதினான்காம் தொட்டி. தொட்டியருகில் நின்று, கைக்கடிகாரப்படி குறித்தது."

"அந்த வாசல் ஆணியில தெனமும் வாட்சை மாட்டுத மனுசன் இப்படி எழுதுவானா?"

எனக்கு உறைத்தது.

"அப்ப இத எழ்தினவன் உள்ளியே போவாத ஆளு. அக்கா, அப்டின்னா நம்ம கட்சிக்காரரேவா?"

"வாசல்ல எட்டிப் பார்த்தவரு அவருதானே? உக்காந்த எடத்துலயே அலையை எழுதிட்டாரு. நூத்தியெண்பது பொய்."

"கேஸ் குடுத்தவனையே புடிச்சிக் குடுத்தா, நாளைக்கு நம்ம கடைக்கு எவன்கா வருவான்?"

"நல்லவன் வருவான்."

"அப்ப கடைய மூடிட வேண்டிதான்."

அக்கா சிரிக்கவில்லை. "இன்னும் முடியலலே. இது பொன்ராஜ் எழுதலைன்னு மட்டுந்தான் காட்டும். வாத்தியார்தான் எழுதுனாருன்னு காட்டாது. அந்த வாயால வரவைக்கணும். இல்லன்னா நாலு மணிக்கு அந்தப் புள்ள தலையில இதைக் கட்டிருவாங்க."

*

கம்பெனி ஆபீஸில் நீள மேஜை. தலைமாட்டில் மானேஜிங் டைரக்டர் சிதம்பரநாதன். பெயர் எழுத வேண்டிய இடத்தை வெற்றாக விட்டு, விசாரணை அறிக்கை ஏற்கெனவே டைப் ஆகித் தயாராக இருந்தது. வேலையில் அவ்வளவு சுறுசுறுப்பு! ஒரு பக்கம் பொன்ராஜ். எதிர்ப்பக்கம் கல்யாணராமன், பக்கத்தில் நீரஜா. பொன்ராஜ் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் மேஜையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பத்து நிமிஷம் தர்றேன்" என்றார் சிதம்பரநாதன். "துப்பறியறதை எல்லாம் சீக்கிரம் முடிங்க. எனக்கு ஒரு பேர் வேணும். யார் பேரா இருந்தாலும் சரி."

அக்கா கல்யாணராமன் பக்கம் திரும்பினாள். குரலில் தேன் சொட்டியது. "ஐயா, பொன்ராஜ் அளந்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பாக்காம? நானும் கூட நின்னேன்."

"உள்ளயா? தொட்டிக்குப் பக்கத்துலயா?"

"பதினான்காம் தொட்டிக்குப் பக்கத்துல. அரை மணி நேரம். வேர்த்துக் கொட்டித்து."

"அப்போ கையில கட்டியிருந்த வாட்ச்..."

"இதேதான்." பெருமையாக மணிக்கட்டை நீட்டினார். "கல்யாணத்துல மாமனார் போட்டது. இன்னிக்கு வரைக்கும் ரிப்பேர்னு ஒரு கடைப்படி ஏறினதில்லே."

பொன்ராஜ் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அறையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "இந்த வாட்சு எங்க கூடத்துக்குள்ள அரை மணி நேரம் இருந்துச்சா? ஐயா, நீங்களே சொல்லுங்க, இருந்துச்சா?"

சிதம்பரநாதன் அலுமினியக் கம்பெனியை இருபது வருஷமாக நடத்துகிறவர். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா தலைப்பு வரியை வாசித்துக் காட்டினாள். அவர் கல்யாணராமனின் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தார், தாளை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க உள்ளேயே போகலை" என்றார்.

கல்யாணராமனுடைய முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் அந்த மனிதர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் என் கை பரபரக்கிறது.

"சரி, போகலை" என்றார். "பொய் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஏன் சொன்னேன்? இவளைக் காப்பாத்தத்தான்." நீரஜாவின் தலைக்கு மேலே விரலை நீட்டினார். "இந்தத் தாளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததே இவதான். ஃபாக்டரியிலேருந்து தபால்ல வந்துதுன்னா. நம்பினேன். இவளே டைப் பண்ணியிருக்கா. இப்போன்னா புரியறது!"

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பொன்ராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சிதம்பரநாதன் பேனாவைத் திறந்து, அந்த வெற்றிடத்துக்கு மேலே கொண்டுபோனார்.

நீரஜா தலையை நிமிர்த்தினாள். முதன்முதலாக அவள் குரலைக் கேட்டோம்.

"ரிப்போர்ட்டை எடுங்கோ. எண்பத்து மூணாம் பக்கம்."

"இதோ பாரு, நான் என்ன சொன்னேன், வாயைத் திறக்..."

"நீங்க சும்மா இருங்கோ சார்."

பச்சை அட்டை போட்ட தடித்த ரிப்போர்ட் அலமாரியிலிருந்து வந்தது. அதன் பிற்பாதி முழுக்க மெஷின் அடித்துத் தந்த அட்டைகளின் பட்டியல். எங்கே பார்த்தாலும் எண்கள்.

"ப்ரோக்ராம்ல குறிப்பு அட்டைன்னு ஒண்ணு உண்டு" என்றாள் நீரஜா. "முதல் கட்டத்துல சி-ன்னு துளை போட்டா, மெஷின் அதைக் கணக்குல சேத்துக்காது. அப்படியே அச்சடிச்சு மட்டும் கொடுத்துடும். பின்னால படிக்கறவாளுக்கு நாங்க ஏதாவது சொல்லணும்னா அதுலதான் எழுதுவோம். சார் எப்பவும் கடைசிப் பக்கத்துல விடையை மட்டுந்தான் பார்ப்பார்."

சிதம்பரநாதன் பக்கத்தைப் புரட்டினார். எண்களுக்கு நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் நாலு வரி. அவர் முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு உரக்கப் படித்தார். தமிழில் சொன்னால் இது:

'கீழே உள்ள அலை அளவுகள் பேராசிரியர் கே. ஆர். செப்டம்பர் 14 அன்று கையில் கொடுத்தவை. வரைந்து வைத்ததுபோல் ஒரே சீராக இருக்கின்றன. நிஜத் தொட்டியில் அளந்தவையாகத் தோன்றவில்லை. மறுபடி அளக்காமல் இதை நம்பிக் கரியை இறக்க வேண்டாம்.'

கல்யாணராமன் தண்ணீர் டம்ளரைத் தேடினார். கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது, எடுக்க முடியவில்லை.

"அதுக்குக் கீழே யாரோட இனிஷியல்?" என்றாள் அக்கா மெதுவாக.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். வெளியார் கொடுக்கிற ரிப்போர்ட் என்றால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கொடுத்தவரும் வாங்கினவரும் இனிஷியல் போட வேண்டும். எண்பத்து மூன்றாம் பக்கத்து ஓரத்தில் இரண்டு இருந்தன. ஒன்று கே. ஆர். இன்னொன்றைப் பார்த்ததும் சிதம்பரநாதன் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பொன்ராஜ் பக்கம் தள்ளினார்.

பொன்ராஜ் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என் கையெழுத்துதான்" என்றார். "நூத்தி இருபது பக்கம். ஒரே மூச்சுல போட்டேன். நம்பர்தானே இருக்கும்னு... நானும் கடைசிப் பக்கந்தான் பார்த்தேன்."

அப்புறம் நீரஜாவிடம் கேட்டார். காலையில் அவளைக் கட்டில் பக்கத்தில் நிறுத்துவேன் என்று கத்தினாரே, அந்தக் குரல் போன இடம் தெரியவில்லை. "ஏம்மா, ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கப்படாதா?"

"சார்கிட்டச் சொன்னேன். உன் வேலை ஓட்டறது, யோசிக்கறது இல்லேன்னார். வேலை போயிடும்னு பயந்துண்டு இருந்துட்டேன்." அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "எழுதி வெச்சா யாராவது படிப்பான்னு நினைச்சேன். என் பேரையும் அதுல எழுதுங்கோ. எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

"உனக்கு வேண்டாம்மா" என்றார் சிதம்பரநாதன். கல்யாணராமனின் பெயரை வெற்றிடத்தில் எழுதி, கீழே கோடு போட்டு, பேனாவை மூடப் போனார். பொன்ராஜ் அந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கல்யாணராமனின் பெயருக்குக் கீழே, கோட்டையும் தாண்டி, தன் பெயரைத் தானே எழுதினார்.

"என்னய்யா இது, உன்னை யார் கேட்டா?"

"ஒருத்தன் கண்ணு போச்சுல்லா" என்றார் பொன்ராஜ்.

எங்கள் வேலை முடிந்தது. நீரஜாவை யாரும் எங்கேயும் கொடுக்கப் போவதில்லை. அக்கா அவளைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். நான் பின்னால் இறங்கினேன்.

வாசலில் பொன்ராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். காலையில் தான் கசக்கின காலரை அவரே நிமிர்த்திவிட்டார்.

"நர்ஸிங் ஹோமுக்குத்தான? வா நைனா, ஸ்கூட்டர்ல வுட்டுட்றேன்."

"வேண்டாம் தம்பி, நடந்தே போறேன். அங்க போறதுக்குள்ள தங்கச்சிட்ட எப்படிச் சொல்லன்னு யோசிக்கணும். நீங்க யாரும் முந்திப் போய்ச் சொல்லிராதீய."